வெட்டாத கத்தி

நம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் எவர்சில்வர். அதில் புளிக்குழம்பு ஊற்றுகிறோம், எலுமிச்சை பிழிகிறோம், அரைகுறையாகக் கழுவி அடுக்கிவிட்டு வகுப்புக்கு ஓடுகிறோம். அது கறுப்பதில்லை, துருப்பிடிப்பதுமில்லை. இந்த உலோகம் நம் கைக்கு வரக் காரணமான மனிதர்களில் ஒருவர் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? உலோகவியல் படிக்கும் நானே சென்ற ஆண்டுவரை அவரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் அறிந்திருந்தேன். அவர் வாழ்க்கையை முழுவதும் படிக்க நேர்ந்தது என் தோல்வி ஒன்றினால். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம். தாத்தா காலத்திலேயே மும்பைக்குப் பிழைக்க வந்துவிட்டோம். நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். ஆனாலும் கோடை விடுமுறையில் ஆச்சி வீட்டுக்குப் போவதுண்டு. அந்தக் கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தக் கறுப்பு இல்மனைட் என்ற தாது என்பதும், அதற்குள் இரும்போடு டைட்டானியம் கலந்து கிடக்கிறது என்பதும் பட்ட மேற்படிப்புக்கு இங்கே வந்த பிறகே எனக்கு மனத்தில் தைத்தன. மும்பை வீட்டில் அம்மா இன்றும் காய் நறுக்குவது, ஆச்சி சீராகக் கொடுத்தனுப்பிய இரும்பு அரிவாள்மணையில்தான். வாழைக்காய் நறுக்கினால் அலகும் கறுக்கும், காயும் கறுக்கும், அம்மாவின் விரலும் கறுக்கும். துடைத்து எண்ணெய் தடவாமல் விட்டால் மும்பை மழைக்கு மறுநாளே துரு.

டைட்டானியம் இரும்பைவிட மிக இலேசானது. ஒரே அளவுக் கட்டியானால் பாதிக்குச் சற்றே மேலான எடைதான் வரும். கடல்நீரில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. விமானத்துக்கு ஆகிற உலோகம் அடுக்களைக்கு ஆகாதா என்று எனக்கு ஓர் எண்ணம். நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் கலந்த டைட்டானியத் தகட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றைப் பேராசிரியரின் அனுமதியோடு வாங்கிக்கொண்டேன். பத்து நாள் மாலைப்பொழுதைச் செலவிட்டு அதை ஒரு கத்தியாக அறுத்துத் தேய்த்தேன். சாணைக்கல்லில் பிடித்தபோது கண் கூசும்படி வெள்ளைப் பொறி பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீபாவளிக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்தேன். அது என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஊகிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

நடந்ததைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஹாரி பிரியர்லியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஓர் ஊர். திண்டுக்கல்லுக்குப் பூட்டு எப்படியோ அப்படி ஷெஃபீல்டுக்குக் கத்தி. பல நூறு ஆண்டுப் பேர். அந்த ஊரில் 1871 பிப்ரவரியில் பிரியர்லி பிறந்தார். தகப்பனார் உருக்கு உலையில் வேலை. மண் மூசையில் உருக்கை உருக்கி, வெள்ளை வெளேரென்று காய்ந்த மூசையை இடுக்கியால் தூக்கி வார்க்கவேண்டும். உடம்பை உருக்கும் தொழில் அது. வீட்டில் வருமானம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம். பன்னிரண்டு வயதில் ஹாரியின் பள்ளிப் படிப்பு முடிந்தது. தகப்பனார் வேலை பார்த்த தாமஸ் ஃபர்த் கம்பெனியிலேயே எடுபிடியாகச் சேர்ந்தார். சில நாளில் ரசாயனச் சோதனைக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இட்ட பணி புட்டி கழுவுவது.

அந்தக் கூடத்தின் தலைமை ரசாயனியான ஜேம்ஸ் டெய்லர் என்பவர் பையனைக் கவனித்தார். கணக்குப் படிக்கத் தூண்டினார். கையால் செய்கிற வேலைகளையும் பழக்கினார். பகலில் புட்டி, இரவில் புத்தகம் என்று ஆண்டுகள் ஓடின. மாலை வகுப்புகளுக்கும் போனார். பல்கலைக்கழக வாசலை மிதித்துப் பட்டம் வாங்கியவர் அல்லர். ஆயினும் 1902இல், உருக்காலைப் பொருள்களைப் பகுத்தாய்வது பற்றி ஃபிரெட் இபட்சன் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. புட்டி கழுவிய பையன் எழுதிய நூல் அது. நம்மில் சிலர் ஆய்வேட்டின் முதல் இயலிலேயே ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1904இல் கம்பெனி அவரை ரீகா நகருக்கு அனுப்பியது. இன்று லாட்வியாவின் தலைநகரம். அன்று ரஷ்யப் பேரரசில் ஒரு துறைமுகம். அங்கே ஃபர்த் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. 1905இன் புரட்சிக் கொந்தளிப்பையும் அங்கிருந்தே பார்த்தார். ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. உருக்கைப் பதமாக்குகிற தொழிலாளி, உலையில் கிடக்கும் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டை மதிப்பிட்ட காலம் அது. நம் ஊர்க் கொல்லர் தோய்ச்சல் போடுவதும் இப்படித்தானே? கண் பழகியவனுக்கு அது சரி; பழகாதவன் என்ன செய்வான்? பிரியர்லி இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். குறிப்பிட்ட சூட்டில் உருகும் உப்புகளைச் சிறுசிறு உருளைகளாக வார்த்து உலையில் வைப்பது. உருளை உருகினால் சூடு வந்துவிட்டது என்று பொருள். ஒரு நண்பரோடு கூட்டாக இதை விற்பனைக்கும் விட்டார்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரியர்லியை எவர்சில்வர் கண்டவர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அவர் முதலாவதாகச் சூடு அறிந்தவர். 1908இல் ஃபர்த் கம்பெனியும் ஜான் பிரவுன் கம்பெனியும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிசாலை தொடங்கின. அதற்குப் பிரியர்லியையே தலைவராக வைத்தார்கள். 1911இல் கருவி உருக்கைச் சூட்டால் பதப்படுத்துவது பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். பின்னால் வந்த வெற்றிக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

1912இல் துப்பாக்கி செய்வோர் ஒரு குறையோடு வந்தார்கள். சுடச்சுடக் குழாயின் உட்புறம் அரித்துப் போகிறது. அரிக்காத உருக்கு வேண்டும். துரு அப்போது பேச்சிலேயே இல்லை. குரோமியம் கலந்தால் சூட்டைத் தாங்கும் என்று பிரியர்லி நினைத்தார். பல கலவைகளை வார்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்டு 13ஆம் நாள் மின் உலையில் வார்த்த ஒன்றில் குரோமியம் நூற்றுக்கு 12.8, கார்பன் 0.24. துப்பாக்கிக் குழாயாக அது பேர் வாங்கவில்லை. வேறிடத்தில் வாங்கியது.

உருக்கின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமானால், மெருகேற்றிய துண்டை ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தால் அரிக்கச் செய்யவேண்டும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்றும் இதைத்தான் செய்கிறோம். இந்தத் துண்டு அரிபடவில்லை. அதுவும் எல்லாத் துண்டும் ஒன்றுபோல் இல்லை. பதமாக்கிக் கடினப்படுத்திய துண்டுகள் நன்றாகத் தாங்கின, பதமாக்காதவை அவ்வளவு தாங்கவில்லை. வேறொருவராயிருந்தால் அமிலம் கெட்டுவிட்டது என்று புதிதாகக் கலக்கியிருப்பார். நான் அப்படிச் செய்தது உண்டு. பிரியர்லி வினிகரும் எலுமிச்சைச் சாறும் எடுத்துவந்தார். கத்தியூரில் பிறந்தவர் அல்லவா, நினைவு சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது.

அக்காலத்துச் சாப்பாட்டுக் கத்திகள் வெறும் கார்பன் உருக்கு. பழம் நறுக்கினால் கறுக்கும், வினிகர் பட்டால் கறை. ஆகவே ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றவேண்டும். வசதியுள்ள வீடுகளில் அதற்கென்றே ஆள் இருந்தான், இயந்திரமும் இருந்தது. பழத்துக்கு வெள்ளிக் கத்தி தனி. புதிய உருக்கு இந்தத் தொல்லையை ஒழிக்கும் என்று பிரியர்லி கம்பெனிக்கு எடுத்துச் சொன்னார். மேலிடத்தில் ஆர்வம் காட்டவில்லை. ஊரிலுள்ள இரண்டு கத்திக்காரர்களிடம் மாதிரி போயிற்று. இருவருமே கைவிரித்துவிட்டார்கள்: அடித்து உருவாக்குவது கடினம், தேய்ப்பது கடினம், பதமும் ஏறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியை ஊரார் கேலி பேசினார்கள்.

கத்திக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் பழகியது கார்பன் உருக்கு. சுமார் 770 டிகிரியில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் பதம் ஏறிவிடும். குரோமிய உருக்குக்கு அந்தச் சூடு போதாது. அதற்கு 1000 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்; அப்போதுதான் கார்பன் இரும்புக்குள் கரையும். கரைந்த கார்பன் வெளியேற நேரமில்லாதபடி குளிரச் செய்தால் அது இரும்பின் அடுக்குக்குள் சிக்கிக்கொண்டு அதை இறுக்கிவிடுகிறது. கத்தியின் கடினம் அந்தச் சிக்கல்தான். மற்றொரு விந்தை, இந்த உருக்குக்குத் தண்ணீர்கூட வேண்டாம். சிவக்கக் காய்ச்சி அடித்துவிட்டுச் சும்மா வைத்தாலே காற்றில் ஆறி இறுகிவிடும். பிறகு துளை போட வந்தவனின் கருவி முறியும். ஆக, தோய்த்தபோது மெத்து, தோய்க்காதபோது கல். பாவம், கத்திக்காரர் என்ன செய்வார்!

1914இல் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவரைப் பிரியர்லி சந்தித்தார். இவர் மோஸ்லி என்ற கத்திக் கம்பெனியின் மேலாளர். போர்ட்லண்டு ஒர்க்ஸ் என்ற அவர்களுடைய பட்டறைக் கட்டிடம் ஷெஃபீல்டில் இன்றும் நிற்கிறது. துருப்பிடிக்காத உருக்கு என்பதை ஸ்டூவர்ட் முதலில் நம்பவில்லை. வினிகரில் போட்டுப் பார்த்த பின் நம்பினார். கறைபடாதது என்று பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. பிரியர்லி துரு இல்லாதது என்ற அளவில்தான் பேர் வைத்திருந்தார். முதல் முறை செய்தபோது ஸ்டூவர்ட்டின் கருவிகள் பழுதாயின. இரண்டாம் முறை கத்திகள் கண்ணாடிபோல் உடைந்தன. மூன்றாம் முறை பிரியர்லி தாமே உடன் வந்து நின்றார். கத்தி செய்யும் தொழில் அவருக்குத் தெரியாது. எந்தச் சூட்டில் அடிக்கவேண்டும், எந்தச் சூட்டில் பதம் ஏற்றவேண்டும் என்பது தெரியும். கத்தி செய்யத் தெரிந்தவர் ஒருவர், சூடு தெரிந்தவர் ஒருவர், இருவருமாக ஓர் உலையருகே நின்றார்கள். கத்தி வெட்டியது.

தாமே பணம் போட்டு உருக்கு வாங்கி, கத்திகள் செய்வித்து, பிரியர்லி நண்பர்களுக்குக் கொடுத்தார். எந்த உணவு பட்டாவது கறை படிந்தால் கத்தியைத் திருப்பித் தந்துவிடவேண்டும் என்பது நிபந்தனை. ஒன்றும் திரும்பி வரவில்லை.

நிற்க. வெட்டும் என்று தெரிந்ததும் உரிமைச் சண்டை வந்துவிட்டது. காப்புரிமை எடுக்க முதலில் அக்கறை காட்டாத கம்பெனி, பின்னர் அந்த உருக்கைத் தன்னுடையதாகவே நடத்தியது என்பது பிரியர்லியின் மனக்குறை. 1914 முடிவில் வேலையை விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு பிரவுன் பேலி என்ற வேறொரு உருக்காலைக்குப் போனார். கம்பெனியின் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. உலையும் கூலியும் அவர்களுடையவை. ஆனால் கேலியை மட்டும் அவர் ஒருவரே தாங்கினார். அமெரிக்கக் காப்புரிமை 1916இல் அவர் பெயருக்குக் கிடைத்தது. 1917இல் ஃபர்த் கம்பெனியோடும் ஒருவாறு கூட்டு ஏற்பட்டது. இதற்குள் உலகப்போர் வந்து, அந்த உருக்கெல்லாம் விமான எஞ்சின் வால்வுகளுக்குப் போய்விட்டது.

யார் முதலில் கண்டார் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியில் குருப் கம்பெனியார் குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்குக்கு 1912இலேயே காப்புரிமை கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் தனியே முயன்றார். இன்னும் பின்னால் போனால், நம் தென்னாட்டு உருக்கின் புகழைக் கேட்டு அதை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து 1822 வாக்கில் குரோமியம் கலந்தும் பார்த்திருக்கிறார். அவர்கள் யாரையும் தள்ளிவிட்டுப் பிரியர்லியைத் தனிச் சிம்மாசனத்தில் ஏற்ற நான் வரவில்லை. வெட்டாத கத்தியை வெட்டும் கத்தியாக்கும் வரை விடாமல் நின்றவர் என்ற அளவில் அவருக்கு ஈடு எனக்குத் தெரியவில்லை.

ஒரு வேடிக்கை: நம் சாப்பாட்டுத் தட்டும் டம்ளரும் பிரியர்லியின் உருக்கு அல்ல. அவர் விட்டுப்போன ஆராய்ச்சிசாலைக்குத் தலைவராக வந்த ஹாட்ஃபீல்டு 1924இல் செம்மைப்படுத்திய, குரோமியம் 18, நிக்கல் 8 கலந்த வகையின் உறவு அது. காந்தத்தை வைத்துப் பாருங்கள். சமையற் கத்தியில் ஒட்டும், நல்ல டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது. டம்ளர் உருக்குக்குத் தோய்ச்சல் ஏறாது. அதில் கத்தி செய்தால் வெட்டாது. அம்மாவின் அரிவாள்மணைக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் எவர்சில்வர் கத்தி, பிரியர்லி வகைக் குரோமிய உருக்கு.

பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920இல் இரும்பு உருக்குக் கழகத்தின் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1925இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். உருக்குத் தொழிலாளிகளைப் பற்றி எழுதினார்; கையால் பழகாமல் உலோகம் பேசுகிற படித்தவர்கள்மேல் அவருக்கு மதிப்பு குறைவு. 1941இல் தன்வரலாறு வெளிவந்தது. அதே ஆண்டில் ஓர் அறக்கட்டளையும் நிறுவினார். 1948இல் காலமானார்.

1948 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு திடுக்கீடு. குரோல் என்பவர் வகுத்த முறையில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி டைட்டானிய உலோகத்தை முதன்முதலாக வாணிபத்துக்குச் செய்யத் தொடங்கியது அதே ஆண்டில்தான். டைட்டானியத் தாதுவை 1791இலேயே கண்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், எங்கள் கடற்கரை மணல் போன்ற ஒரு கறுப்பு மணலிலிருந்து. உலோகமாகப் பிரித்துக் கடைக்குக் கொண்டுவர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நம் நாட்டில் 2011இல்தான் கேரளத்துச் சவறாவில் அதற்கு ஆலை வந்தது. பிரியர்லிக்கு இந்த உலோகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்திருக்காது. இருந்திருந்தால் முதலில் எதைக் கேட்டிருப்பார் என்பது, அவர் கதையைப் படித்து முடித்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை டிகிரியில் பதம் ஏறும் என்று கேட்டிருப்பார்.

நான் அதைக் கேட்கவில்லை. துருவை மட்டுமே கேட்டேன். டைட்டானியத்தையும் காய்ச்சிக் குளிரச் செய்யலாம். உள்ளமைப்பு மாறத்தான் செய்கிறது. ஆனால் சிக்கிக்கொண்டு இறுக்குவதற்கு அங்கே கார்பன் இல்லை. மிகையாகச் சூடேற்றினால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்து மேல்தோல் மட்டும் நொறுங்கலாகிறது. ராக்வெல் அளவில் நல்ல சமையற் கத்திக்கு 52 முதல் 58 வரை கடினம் உண்டு. என் கலவைக்கு 36. அதற்கென்றே செய்த சிறப்பு டைட்டானியக் கலவைகளும் 45ஐச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடுகின்றன. கடலில் மூழ்குவோருக்கும், காந்தத்தால் வெடிக்கும் கண்ணிகளை அகற்றுவோருக்கும் டைட்டானியக் கத்தி உண்டு. அவர்களுக்குத் துருவும் காந்தமும்தான் பகை, கூர் மழுங்கினால் பொறுத்துக்கொள்வார்கள். அலகின் ஓரத்தில் மட்டும் கடினமான கார்பைடுப் பூச்சு ஏற்றியும் பார்க்கிறார்கள். கடைகளில் பொன்னிறத்தில் டைட்டானியம் என்று விற்பது பெரும்பாலும் உருக்குக் கத்திதான். மேலே டைட்டானியம் நைட்ரைடு மெல்லிய பூச்சு. வாங்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் பேராசிரியரிடம் போய் ஒப்பித்தேன். 36 என்ற எண்ணை ஏன் பத்து நாள் தேய்ப்பதற்கு முன்பே அளக்கவில்லை என்று கேட்டார். அளக்கிற இயந்திரம் என் மேசைக்கு இரண்டு மேசை தள்ளித்தான் இருக்கிறது. இப்போது நைட்ரஜனில் காய்ச்சி டைட்டானியத்தின் மேல்தோலைக் கடினமாக்கும் ஆய்வை எடுத்திருக்கிறேன். எந்தச் சூட்டில் என்பதுதான் முதல் அட்டவணை.

அம்மாவின் கத்திக்கு வருகிறேன். முதல் நாள் தக்காளியைத் தாள்போல் நறுக்கியதாம். நான்காம் நாள் தக்காளியை நசுக்கியது. தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தார்கள், தீட்டிக் கொடுத்தார், மறுபடி நான்கு நாள். மூன்றாம் முறை அவர் கூலி வாங்க மறுத்து, இதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிப் போய்விட்டாராம். பொங்கல் கழிந்து இந்தப் பக்கம் வந்த மாமா கையில், தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றி அம்மா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு டப்பா நேந்திரங்காய் வற்றல், அரிவாள்மணையில் சீவியது. கத்தியைப் பிரித்து விளக்கடியில் பார்த்தேன். இரண்டு மாத அடுக்களை வேலைக்குப் பின்னும் அதில் ஒரு புள்ளி கறை இல்லை. இப்போது என் மேசையில் கடித உறை பிரிக்க உதவுகிறது.